பாக்கெட்டில் கை போகக் கூடாது

அலுமினியத் தட்டில் சைக்கிள் சாவி விழும் சத்தத்தோடுதான் எங்கள் வீட்டில் பொழுது சாயும். முதலில் சாவி, அடுத்து சீப்பு, அதன்பின் மூடி இறுக்கிய பேனா, கடைசியில் அப்பாவின் கைக்கடிகாரம் இரும்புப் பட்டையோடு சுருண்டு விழும்போது எழும் கனமான ஒலி என்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது விழுந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். தட்டு சமையலறை ஸ்டூலின்மேல் இருக்கும். அதைச் சுற்றி அப்பா, அம்மா, நான் மூவரும் நிற்போம். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் குடும்ப ஜெபம் தொடங்கும்.

அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து அடைக்கும் வேலை பார்த்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகப் புனேயில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கடையில் மராத்தி, சபையில் மறுபடியும் தமிழ் என்று ஒரு நாளைக்கு நாலு முறை நாக்கைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குள் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பதற்கு மராத்தியில் 'ஜட்தி' என்று பெயர். தீப்பெட்டி, பீடி, லைட்டர், சாவி, மோதிரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மருந்து அடைக்கும் கட்டடத்துக்குப் போகிறவர்கள் ஆணியில்லாத செருப்பும் பாக்கெட்டே இல்லாத உடுப்பும் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சின்ன உலோகத் துண்டு உரசினால் போதும், ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று அப்பா சோறு பிசைந்துகொண்டே சர்வசாதாரணமாகச் சொல்வார்.

எல்லாரையும் சோதித்து முடித்த பிறகும், வரிசையிலிருந்து திடீரென்று யாராவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இன்னொரு முறை சோதிப்பார்களாம். அதற்குத்தான் அப்பா வாழ்நாள் முழுக்கப் பயந்தார், அதையேதான் வாழ்நாள் முழுக்கப் பிரசங்கமும் செய்தார்.

"எப்ப எவனைக் கூப்டுவான்னு தெரியாது. கூப்டப்புறம் பாக்கெட்ல கை போவக் கூடாது. போச்சுன்னா, உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் அவன் மாட்டுனான்."

ஆண்டவருடைய வருகையும் அப்படித்தான் என்பது அப்பாவின் முடிவு. சபையில் பாஸ்டர் எண்ணெய் தீர்ந்த விளக்கோடு தூங்கிப்போன கன்னிப்பெண்களைப் பற்றிப் பேசுவார், வீட்டுக்காரன் அசந்த நேரத்தில் வருகிற திருடனைப் பற்றிப் பேசுவார். அப்பாவுக்கு அவையெல்லாம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. அவருக்கு கேட் பிடிபட்டது. பரலோகத்தில் கொடுக்கப்போகிற வெள்ளை அங்கிக்கு நிச்சயமாகப் பாக்கெட் இருக்காது என்று அவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜட்தி நடந்தது. உலோகம் எல்லாவற்றையும் தட்டில் போட வேண்டும், போடும்போது அன்றைக்கு நெஞ்சில் வைத்திருந்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். நான் தலைப் பின்னையும் பென்சில் சீவுகிற ஷார்ப்னரையும் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு சுனிதாவின் ரப்பரை ஒளித்து வைத்ததைச் சொல்வேன். எனக்குப் பரலோக வாசல் என்றால் கட்கி கேட்டுதான். அங்கே நிற்கிற தேவதூதனுக்கு, அப்பாவின் கேட்டில் காவல் நின்ற ஷிண்டே காகாவின் நரைத்த மீசையும் காக்கிச் சட்டையும் இருந்தன. காகா எனக்கு எப்போதாவது பெப்பர்மின்ட் கொடுப்பார் என்பதால் அந்த வாசலைப் பற்றி எனக்கு ரொம்பப் பயமில்லை, என் மட்டிலும்.

பயம் அம்மாவைப் பற்றித்தான். அம்மா தன் முறை வரும்போது ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றித் தட்டில் போட்டு, "பக்கத்து வூட்டுக்காரி மேல கோவப்பட்டன், அவ்ளோதான்" என்பாள். அப்பாவின் கண் அவள் காதுக்குப் போகும். சிவப்புக் கல் வைத்த சின்னக் கம்மல், ஒரு பட்டாணி அளவுகூட இருக்காது. எங்கள் சபையில் பெண்கள் நகை அணிவதில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே அம்மா வளையலைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். கம்மலை மட்டும் கழற்றவில்லை.

"இது இன்னா பெரிய ஆசை உனக்கு?" என்று அப்பா கேட்பார்.

"ஆசையெல்லாம் ஒண்ணுமில்லங்க. சின்ன வயசுல இருந்து கெடக்குது. இது இல்லாட்டி கண்ணாடியில யாரோ மாதிரி இருக்கும்."

"கேட்ல இதெல்லாம் சொன்னா வுடுவானா?"

"உங்க கேட்டு வேற, அந்தக் கேட்டு வேறங்க."

"கேட்டுன்னா கேட்டுதான்" என்று முடித்துவிட்டு அப்பா ஜெபத்துக்கு முழங்கால் போடுவார். இதுதான் எங்கள் வீட்டில் நடந்த சண்டை. அடிதடி கிடையாது, சத்தம் கிடையாது, சாப்பாடு தள்ளிவைப்பது கிடையாது. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே வார்த்தைகளில் வந்து நின்றது என்பதுதான் அதன் கொடுமை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், மழை தொடங்குவதற்கு முன் எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மெலிந்த மனிதர், ஆனால் தொண்டையைத் திறந்தால் தகரக் கூரை அதிரும். மேகங்கள்மேல் வருவார், எக்காளம் தொனிக்கும், ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், ஒருவர் கைவிடப்படுவார் என்று அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம் எழுந்தது. அம்மா அழவில்லை. மடியில் கிடந்த என் தலையைக் கோதிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் இருந்த ரூத் ஆன்ட்டி, கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னைத் தனியாகப் பிடித்து, குழாயடியில் உங்கம்மாவும் நானும் தண்ணி பிடித்துக்கொண்டிருக்கும்போது எக்காளம் ஊதினால் என் குடம் மட்டும்தான் ஆளில்லாமல் நிற்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்குப் பூரி கொடுத்து வளர்த்தவள். ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றிலிருந்து நான் மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜூன் மாதப் புனேயில் அதற்குப் பஞ்சமில்லை. ரேஞ்ச் ஹில்ஸ் பக்கமிருந்து மத்தியானத்திலேயே கறுப்பாக ஏறி வரும், ரயில் தண்டவாளத்துக்கு மேலே வந்து நின்றுவிடும், காற்று அடங்கிப்போகும், காக்கைகள்கூடக் கத்தாது. மற்ற பிள்ளைகள் மழை வரப்போகிறது என்று குதிக்கும். நான் மட்டும் அந்தக் கறுப்பில் எங்காவது வெளிச்சம் கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டு, இன்றைக்கு வேண்டாம், அம்மா இன்னும் கழற்றவில்லை என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பாயில் கண்ணயரும்போது, என் தலை ரிப்பனை அவள் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுப்பேன். நான் மேலே போனால் அவளும் கூடவே வந்தாக வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஒருமுறை முடிச்சு இருப்பது தெரியாமல் எழுந்து, அவள் என்னையும் இழுத்துக்கொண்டு தடுமாறினாள். "இன்னாடி இது?" என்று கேட்டாள். அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டு, ரிப்பனைத் தன் கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையின் சங்குக்கு எங்கள் ஊரில் 'போங்கா' என்று பெயர். வேலை தொடங்கும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று, வேலை விடும்போது ஒன்று. எங்கள் அம்மாக்கள் அதை வைத்துத்தான் உலை வைப்பார்கள், பால் காய்ச்சுவார்கள், குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவார்கள். ஆனால் போங்கா வேளை தப்பி ஊதினால் என்ன அர்த்தம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை வாயால் சொல்லமாட்டார்கள். மருந்து அடைக்கும் கட்டடத்தில் புருஷன் வேலை பார்க்கிற பெண்கள் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த நாள் காலையிலிருந்தே இருட்டிக் கிடந்தது. மழை வலுக்கப்போகிறது என்று பள்ளியில் எங்களை மத்தியானத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். நானும் சுனிதாவும் கட்கி பஜார் வழியாக வந்துகொண்டிருந்தோம். முதல் தூறல் விழுந்தது. அப்போதுதான் போங்கா எழுந்தது. வழக்கமாக ஒரு மூச்சு ஊதி அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. மளிகைக் கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்த தராசைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து நின்றார். ஒரு ஆட்டோ நடுத்தெருவில் நின்றுபோனது. சுனிதா, "ஆயீ" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டுவிட்டு என் கையை உதறிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். நான் மேலே பார்த்தேன். மேகம் கூரைகளைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது போங்கா இல்லை, எக்காளம். நான் அம்மாவிடம் ஓடினேன்.

எங்கள் லைனில் ஒரு ஆள் இல்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. குழாயடியில் ரூத் ஆன்ட்டியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது, பிசைந்த மாவின்மேல் அம்மாவின் விரல் தடம் அப்படியே இருந்தது. ஸ்டூலின்மேல் அலுமினியத் தட்டு. தட்டில் இரண்டு சிவப்புக் கல் கம்மல்.

அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நம்புவீர்களா? அம்மா கழற்றிவிட்டாள், அம்மா போய்விட்டாள், அம்மாவை விட்டுவிடவில்லை! அதற்கு அடுத்த மூச்சில்தான் உறைத்தது, விடப்பட்டவள் நான். இத்தனை நாளும் அவளுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்த நான்தான் ஆளில்லாத லைனில் நனைந்த யூனிபார்மோடு நிற்கிறேன். தலைப் பின்னைப் பிடுங்கித் தட்டில் போட்டேன். ஊக்கைப் போட்டேன். இரும்புக் கொக்கி இருக்கிறதே என்று ஷூவைக் கழற்றி எறிந்தேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காம்பஸ் பெட்டியைத் தூரத் தள்ளினேன். பிறகு வெறுங்காலோடு நடு லைனில் மழையில் போய் நின்று, ஜட்திக்கு நிற்கிற அப்பாவைப் போல இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, என்கிட்ட ஒண்ணுமில்ல, என்கிட்ட ஒண்ணுமில்ல என்று கத்தினேன். போங்கா ஓய்ந்துவிட்டிருந்தது. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ரோட்டுப் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், ரூத் ஆன்ட்டி இரண்டும் செய்தாள். அம்மா எல்லாருக்கும் பின்னால் வந்தாள். அவள் காது வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து தூக்கிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஊதியது ஒத்திகை. ஆபத்து வந்தால் எப்படி வெளியேறுவது என்று பழகிப் பார்ப்பதற்காக ஊதியிருக்கிறார்கள். முந்தின நாளே உள்ளே நோட்டீஸ் போர்டில் போட்டு, எல்லாருக்கும் வாயாலும் சொல்லியிருந்தார்களாம். ஆண்கள் ஒருவர்கூட வீட்டில் சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் சொல்லவில்லை. வருகிற நேரம் யாருக்கும் தெரியாது என்று தினமும் எங்களை நிறுத்தி வைத்து ஜட்தி எடுத்த மனிதருக்கு, வருகிற நேரம் தெரிந்திருந்த ஒரே நாளில், அதை வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. மறந்துட்டன் என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, வரிசையாக வெளியே வந்த ஆட்களில் இவர் தலையைக் காணும்வரை அம்மா எப்படி நின்றாள் என்பதை ரூத் ஆன்ட்டிதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

அப்பாவுக்கு அவள் காதுதான் கண்ணில் பட்டது. தட்டையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பாத்தியா, நீயும் ஆயத்தமாயிட்ட" என்றார். அம்மா தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டவ் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரத்தில் அப்பா எழுந்தார். ஒத்திகைச் சங்கை வைத்து ஆண்டவர் தன் மனைவியின் மனதைத் திறந்தார் என்றும், எந்த நேரம் கூப்பிட்டாலும் இனி தன் குடும்பம் தயார் என்றும் சொன்னார். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. ரூத் ஆன்ட்டி கையைத் தட்டினாள். பாஸ்டர் மகிழ்ந்துபோய், "சகோதரியே ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அம்மா சபையில் அதுவரை வாய் திறந்ததில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இவரு சொல்றது மாதிரி இல்லீங்க. போங்கா கத்துச்சு. எனக்கு ஆண்டவரு வர்ற நெனப்பே வரல. இத வாங்கிக்கோ, அவர உட்டுடுன்னு கழட்டி வெச்சுட்டு ஓடுனன். அன்னிக்கு எனக்கு ஆண்டவரு வர்றது வேணாம், இவரு வூட்டுக்கு வர்றதுதான் வேணும். இவரு வந்துட்டாரு. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு ஒரு பாட்டை எடுத்தார், அதுவும் சுதி சேரவில்லை. அப்பா பாடவில்லை. ஆண்கள் பக்கத்தில் அவர் தலை குனிந்திருந்தது. சட்டைப் பாக்கெட்டின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, எழுந்து நிற்கச் சொன்னபோதுகூட எழாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் அப்படி இருந்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஜட்தியில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் வீட்டில் சாயங்காலத் தட்டு வந்தது. ஆனால் அப்பா அம்மாவின் காதைப் பார்ப்பதில்லை, தப்பைச் சொல்லச் சொல்லி யாரையும் கேட்பதும் இல்லை. அம்மா கம்மலைத் திரும்ப அணியவில்லை. பாஸ்டரிடம் காணிக்கையாகக் கொடுக்கப் போனாள். அந்தச் சாட்சிக்குப் பிறகு அவருக்கும் அதை வாங்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், உங்ககிட்டயே இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டார். ஒரு பழைய பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்துச் சுற்றி பீரோவில் போட்டுவிட்டாள். "அப்பாதான் வந்துட்டாரே, போட்டுக்கோயேம்மா" என்று நான் நச்சரித்திருக்கிறேன். "குடுத்தத திரும்பி வாங்குவாங்களாடி?" என்பாள். அதன்பின் அவள் தலைவாரும்போது கண்ணாடி முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே வாரிப் பின்னலை முடித்துவிடுவாள்.

வருஷங்கள் ஓடின. நான் படித்தேன், புனேயின் இன்னொரு கோடியில் ஹடப்சரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேயே வீடு வாங்கினேன். அப்பா ஓய்வு பெற்றதும் இருவரையும் என்னோடு அழைத்துக்கொண்டேன். ஒன்பதாவது மாடி. மேகத்துக்குப் பக்கத்துல வந்துட்டம் என்று அம்மா கேலி செய்தாள். காலையில் அப்பா சத்தமாக வேதம் வாசிப்பார். அம்மா தரையில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், அம்மா வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தேன். அப்பாவின் குரல் வழக்கம்போல் ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சுகந்தி, கேக்கிறியா?" என்றது. அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை. மறுபடியும், "சுகந்தி." நான் ஓடி வந்தேன். அம்மா சோபாக் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கீரைத் தண்டு இருந்தது, பாதி இலை கிள்ளியிருந்தது. அவள் போய்விட்ட பிறகும் அவர் ஒரு பக்கம் வாசித்திருக்கிறார். ஒரே அறையில் இரண்டு பேர். பிரசங்கியார் சொன்னது இதுதான் என்று அந்த நேரத்தில்கூட எனக்குத் தோன்றியது, அதற்காக என்னை நானே வெறுத்தேன். ஆண்டவருடைய வருகைக்காக ஆயுசு முழுக்க ஆயத்தமாக இருந்த அப்பா, அம்மா போவாள் என்பதற்கு ஒரு நாள்கூட ஆயத்தமாக இல்லை.

சபைப் பெண்கள் வந்து அவளுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்கள். பெட்டியில் வைப்பதற்கு முன் அப்பா உள்ளே போய் பீரோவைத் திறந்து பவுடர் டப்பாவோடு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சைப் பிரித்துக் கம்மலை எடுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் காது மடலைப் பிடித்தார். எத்தனையோ வருஷம் மருந்துத் தூளைச் சிந்தாமல் அடைத்த விரல்கள். கம்மலின் தண்டு உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தார். இன்னொரு காதுக்குப் போனார். அதிலும் போகவில்லை. இரண்டு காதும் தூர்ந்துபோயிருந்தன. துளை இருந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் இருந்தது.

"உடுங்க அங்கிள், வலிக்கும்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள். இறந்தவளுக்கு வலிக்கும் என்று சொன்னதை யாரும் திருத்தவில்லை. புதிய பாஸ்டர், இளைஞர், மெதுவாக அப்பாவின் தோளைத் தொட்டு, "அம்மாவுக்கு இனிமே இது தேவையில்ல அங்கிள், அவங்க மகிமையில இருக்காங்க" என்றார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "கழட்டு கழட்டுன்னு சொன்னவன் நான்தான்யா" என்றார். கம்மலைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எங்கள் லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். குழாயடி இருந்த இடத்தில் தகரத் தடுப்பு நிற்கிறது. ரூத் ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனில் பேசுவாள். சபை இருந்த தகரக் கூரைக்குப் பதிலாக மூன்று மாடிக் கட்டடமும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன, பாதிப் பாட்டு ஹிந்தியில். ஹடப்சர்வரை போங்காச் சத்தம் வராது. இங்கே வேளை தப்பி ஒலிப்பதெல்லாம் சாப்பாடு கொண்டுவருகிறவர் அடிக்கும் காலிங் பெல்தான். அதற்கும் ஒவ்வொரு முறையும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்.

அலுமினியத் தட்டு மட்டும் எங்களோடு வந்திருக்கிறது. சாயங்காலம் விளக்கு போட்டதும் அப்பா அதை எடுத்து டைனிங் டேபிளில் வைக்கிறார். மூக்குக் கண்ணாடி, போன், கைக்கடிகாரம், வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாக விழுகின்றன. இடது பக்கச் சட்டைப் பாக்கெட்டுக்குக் கை போகிறது. ஆனால் எதையும் எடுப்பதில்லை. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு அப்படியே ஜெபத்துக்கு உட்காருகிறார். சட்டை மாற்றும்போது கம்மலை இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாற்றுகிறார், தூங்கும்போதும் அந்தச் சட்டையோடுதான் தூங்குகிறார்.

போன வாரம், வெளியே ஜூன் மாதத்து இருட்டு கட்டி நின்ற ஒரு சாயங்காலம், எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அதயும் தட்டுல போடுங்களேன். இப்ப கூப்பிட்டா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

"கூப்டட்டும்மா. பாக்கெட்ல இன்னா இருக்குதுன்னு கேக்கட்டும். யாருதுன்னு கேப்பாரு இல்ல, அப்ப சொல்லணும்" என்றார்.